கம்மி பட்ஜெட்ல வீட்டுக்கு சிஸ்டம் அசெம்பிள் பண்றீங்களா, ப்ராசஸர் எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

ஐ3யா ஐ5ஆ, இன்டெலா ஏஎம்டியானு பேசறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்த முடிவு பண்ணிக்கோங்க. தனியா கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா இல்லையா? இதுக்கு பதில் தெரியாம ப்ராசஸர் தேட ஆரம்பிச்சா ஒரு வாரம் யூட்யூப் வீடியோ பாத்து குழம்பிட்டு கடைசில கடைக்காரர் எடுத்து குடுக்கறத வாங்கிட்டு வர வேண்டியதுதான். கார்டு இல்லைனா ப்ராசஸருக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கணும், அப்பதான் மானிட்டர்ல படமே வரும். கார்டு உண்டுன்னா அது தேவையில்ல, அதுக்கு குடுக்கற காச மிச்சம் பிடிச்சு கார்டுல போடலாம்.

"இப்ப வேணாம், அடுத்த வருஷம் கார்டு போட்டுக்கலாம்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வராது, அதனால இன்னைக்கு கைல காசு இல்லைனா "கார்டு இல்ல"னே கணக்கு வச்சுக்கோங்க.

சரி, பேர படிக்கறது எப்படி? இன்டெல்ல ஐ3 12100னா முன்னாடி இருக்கற 12 தான் ஜெனரேஷன், மீதி 100 அந்த குடும்பத்துக்குள்ள அது எந்த படில இருக்குன்னு. கடைசில எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, 12100 வேற 12100எஃப் வேற. எஃப் கொஞ்சம் விலை கம்மியா இருக்கும், அத பாத்து ஆசைப்பட்டு வாங்கி கார்டு இல்லாம மாட்டினா ஃபேன் சுத்தும் லைட் எரியும் ஆனா திரை கருப்பாவே இருக்கும். கே இருந்தா ஓவர்க்ளாக், அதாவது குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டற மாடல், பட்ஜெட் சிஸ்டத்துக்கு அதோட பேச்சே வேணாம், ஏன்னா டப்பாக்குள்ள கூலர் வராது, போர்டும் (மதர்போர்டு) விலை கூடினது வேணும். டி இருந்தா கரண்ட் கம்மியா எடுக்கற மாடல், வேகமும் கொஞ்சம் கம்மி.

ஏஎம்டில இந்த எழுத்து விவகாரம் தலைகீழ். ஏஎம்4 சாக்கெட்டுல (சாக்கெட்னா போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்) வர்ற ரைசன்ல ஜி இருந்தாதான் கிராபிக்ஸ் உண்டு, 5600ஜி மாதிரி. எழுத்தே இல்லாம வெறும் 5500, 5600, இல்ல எக்ஸ் போட்டு 5600எக்ஸ்னு இருந்தா கிராபிக்ஸ் கிடையாது. புது ஏஎம்5 சாக்கெட்டுல மறுபடி கதை மாறும், அங்க 7600 மாதிரி சாதா மாடல்லயே படம் காட்டற அளவுக்கு சின்ன கிராபிக்ஸ் இருக்கும், 7500எஃப், 8400எஃப்னு எஃப் போட்டதுல மட்டும் இருக்காது. ஒரே கம்பெனி ரெண்டு சாக்கெட்டுக்கு ரெண்டு விதமா பேர் வச்சா வாங்கறவன் என்னதான் பண்ணுவான்.

இப்ப விலைக்கு வருவோம். ப்ராசஸர் விலைய மட்டும் தனியா பாத்து கம்பேர் பண்ணாதீங்க. ப்ராசஸர், போர்டு, ரேம் மூணையும் சேத்து ஒரே தொகையா எழுதி அத இன்னொரு மூணோட கம்பேர் பண்ணுங்க, ஏன்னா ஒன்ன தேர்ந்தெடுத்தா மத்த ரெண்டும் தானா கூடவே வந்துடும். ஏஎம்4னா டிடிஆர்4 ரேம் மட்டும்தான். ஏஎம்5னா டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் 12, 13, 14ஆம் ஜெனரேஷனுக்கு வர்ற எல்ஜிஏ1700 சாக்கெட்டுல மட்டும் ரெண்டும் உண்டு, ஆனா போர்டுக்கு போர்டு மாறும். டிடிஆர்4 போர்டுல டிடிஆர்5 ஸ்டிக் நுழையாது, வெட்டு இருக்கற இடமே வேற. 2025 கடைசில இருந்து ஏஐ சர்வருக்கு மெமரி சிப் அள்ளிட்டு போறதால ரேம் விலை எகிறிடுச்சு, முன்னாடி எல்லாம் ரேம கடைசில யோசிச்சாலும் பரவால்லன்னு இருந்தது, இப்ப அதுதான் பட்ஜெட்ட உடைக்கற சாமான். அதனால வீட்ல பழைய சிஸ்டத்துலயோ சொந்தக்காரங்க கிட்டயோ டிடிஆர்4 ஸ்டிக் சும்மா கிடந்தா அதுவே உங்க ப்ராசஸர முடிவு பண்ணிடும், ஏஎம்4 இல்ல டிடிஆர்4 போடற எல்ஜிஏ1700 போர்டு, ரெண்டுல ஒன்னு. லேப்டாப் ரேம் இதுல சேராது, அது சைஸே சின்னது.

இப்ப ஆளுக்கு தகுந்த மாதிரி பாப்போம்.

பசங்க ஆன்லைன் கிளாஸ், ப்ராஜெக்ட் வேலை, அப்பாவுக்கு டாலி இல்ல எக்செல், அம்மாவுக்கு யூட்யூப் சீரியல், அப்பப்ப போட்டோ எடிட்டிங். இதுக்கு என்னோட ஓட்டு ஐ3 12100க்குதான். 2022 ஜனவரில வந்தது, 4 கோர் 8 த்ரெட் (கோர்னா உள்ள வேலை செய்யற மூளை, த்ரெட்னா அது ஒரே நேரத்துல எடுத்துக்கற வேலை), 4.3 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், உள்ள யுஹெச்டி 730 கிராபிக்ஸ். பழசுதானேன்னு முகம் சுளிக்காதீங்க. அதுக்கப்புறம் வந்த 13100ம் 14100ம் அதே 4 கோர் 8 த்ரெட் தான், வேகம் மட்டும் 4.5, 4.7னு ஏறிருக்கு, வீட்டு வேலைல உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. மூணுல அன்னைக்கு எது விலை கம்மியோ அத எடுங்க, டப்பால பெரிய நம்பர் இருக்குன்னு ரெண்டாயிரம் கூட குடுக்காதீங்க, அந்த ரெண்டாயிரத்துல எஸ்எஸ்டி 256க்கு பதிலா 512 போட முடியுமான்னு பாருங்க.

இந்த ஐ3ல யாரும் பெருசா சொல்லாத ஒரு நல்ல விஷயம், ஏவி1 வீடியோவ ஹார்டுவேர்லயே டீகோட் பண்ணும். யூட்யூப் நிறைய வீடியோவ இப்ப அந்த ஃபார்மேட்ல தான் அனுப்புது. 5600ஜில இருக்கற வேகா கிராபிக்ஸுக்கு அது தெரியாது, அப்ப அந்த வேலைய ப்ராசஸர் கோரே செய்யணும், செய்யும், ஆனா சும்மா வீடியோ பாக்கறதுக்கே யூசேஜ் ஏறும். ப்ரீமியர்ல வீடியோ எடிட் பண்றவங்களுக்கும் இன்டெல்லோட குயிக்சிங்க் (வீடியோ வேலைய வேகமா முடிக்கற உள் வசதி) நல்லாவே கைகுடுக்கும். கல்யாண வீடியோ, ரீல்ஸ்னு எடிட்டிங் வேலை அதிகம்னா ஐ3ல நிக்காம ஐ5 12400க்கு போங்க, 6 கோர் 12 த்ரெட், அதே போர்டு, அதே ரேம். ரெண்டுக்கும் நடுவுல விலை வித்தியாசம் எவ்ளோன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, எக்ஸ்போர்ட் போட்டுட்டு காத்திருக்கற நேரம் உங்களுக்கு காசுன்னா தாராளமா குடுக்கலாம்.

அடுத்தது, கேம் வேணும் ஆனா கார்டுக்கு காசு இல்ல. இங்கதான் ரைசன் 5 5600ஜி. 2021ல வந்தது, 6 கோர் 12 த்ரெட், உள்ள வேகா 7. இன்டெல் யுஹெச்டி 730 இதுகிட்ட கேம்ல நிக்கவே நிக்காது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக், ஜிடிஏ 5 இதெல்லாம் செட்டிங்க்ஸ் இறக்கி வச்சா விளையாடற மாதிரி ஓடும். புதுசா வர்ற பெரிய கேம் எல்லாம் இதுல எதிர்பாக்காதீங்க, ஓடுதுன்னு காட்டற வீடியோவ பாருங்க, ரெசல்யூஷன எவ்ளோ இறக்கி வச்சிருக்காங்கன்னு அவங்க ஓரமா சின்னதா போட்டிருப்பாங்க.

5600ஜி வாங்கினா ரேம் விஷயத்துல ஒரு கண்டிஷன் இருக்கு, இத விட்டா மொத்தமும் வேஸ்ட். உள்ள இருக்கற கிராபிக்ஸுக்கு சொந்தமா மெமரி கிடையாது, சிஸ்டம் ரேம்ல இருந்துதான் எடுத்துக்கும். அதனால ரேம் எவ்ளோ வேகமோ கேமும் அவ்ளோ வேகம். டிடிஆர்4 3200 ஸ்டிக் ஒன்னு மட்டும் போட்டா செகண்டுக்கு 25.6 ஜிபி தான் போக வர முடியும், ரெண்டு போட்டா 51.2. அதனால ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்காம 8 ஜிபி ரெண்டா வாங்குங்க. மொத்தமே 8 ஜிபி தான் போடுவேன்னா, அதுல கிராபிக்ஸ் ஒரு பங்க எடுத்துட்டு போயிடும், மிச்சத்துல விண்டோஸும் குரோமும் அடிச்சுக்கும், அப்புறம் ப்ராசஸர திட்டி பிரயோஜனம் இல்ல. ரேம் விக்கற விலைல இது கஷ்டம்தான், ஆனா கேம் தான் நோக்கம்னா இதுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது.

பட்ஜெட் கொஞ்சம் இளகுதுன்னா ஏஎம்5ல 8500ஜி, 8600ஜி இருக்கு, 2024ல வந்தது. 8600ஜில இருக்கற ரேடியான் 760எம் வேகா 7ஐ விட நல்லாவே வேகம். ஆனா டிடிஆர்5, ஏஎம்5 போர்டு எல்லாம் சேத்தா பெரும்பாலும் ஐ3 12100எஃப் கூட ஒரு சின்ன கார்டு போடற தொகை கிட்ட வந்து நிக்கும், அப்ப கார்டே மேல். இதோட பலம் வேற இடத்துல இருக்கு, ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டி சொல்லிருக்கு, ஏஎம்4, எல்ஜிஏ1700 ரெண்டும் அதோட பயணத்த முடிச்சாச்சு. நாலு வருஷம் கழிச்சு போர்ட மாத்தாம புது ப்ராசஸர் மட்டும் போடற ஆளா நீங்க? நேர்மையா யோசிங்க. நம்ம வீடுகள்ல ஒரு சிஸ்டம் வாங்கினா எட்டு பத்து வருஷம் அப்படியே ஓடும், அப்புறம் மொத்தமா தான் மாத்துவோம். அந்த மாதிரி வீட்டுக்கு சாக்கெட் எதிர்காலம்னு கூட காசு குடுக்கறதுல அர்த்தமில்ல.

கார்டு வாங்கறது உறுதின்னா ஐ3 12100எஃப், ரைசன் 5 5600, ஐ5 12400எஃப் இந்த மூணுக்குள்ள முடிச்சுக்கோங்க, மிச்ச காசு முழுக்க கார்டுக்கு. இங்க ஒரு நுணுக்கம், 5500ம் 5600ம் பேர்ல நூறு தான் வித்தியாசம்னு நினைக்காதீங்க. 5600ல 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி), பிசிஐஇ 4 (ப்ராசஸருக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்கற பாதை). 5500ல பாதி கேஷ், பிசிஐஇ 3 தான், 5600ஜியும் அப்படித்தான். ஆர்எக்ஸ் 6400, 6500எக்ஸ்டி மாதிரி சின்ன கார்டுகள் நாலு லேன்ல மட்டும் வேலை செய்யறது, அத பிசிஐஇ 3ல போட்டா பாதை பாதியாகி கேம்ல அடி வாங்கும். 5600 போட்டா மட்டும் போதாது, போர்டும் பி550 மாதிரி பிசிஐஇ 4 உள்ளதா இருக்கணும், ஏ520, பி450ல 3 தான்.

இப்ப நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச விஷயம். "ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, மானிட்டரோட சேத்து" அப்படினு நம்பவே முடியாத விலைக்கு விளம்பரம் பாத்திருப்பீங்க. ஐ7 சரி, எந்த ஐ7? கேட்டா "ஒரிஜினல் இன்டெல் சார்"னு பதில் வரும், நம்பர் மட்டும் வராது. அது பெரும்பாலும் ஐ7 2600 இல்ல 3770 ஆ இருக்கும், ஒன்னு 2011ல வந்தது இன்னொன்னு 2012. அதுக்கு ஹெச்61 போர்ட புதுசா யாரோ தயாரிச்சு டப்பால போட்டு விக்கறாங்க, அதனால "எல்லாமே புதுசு"ன்னு சொல்றதுல பாதி உண்மை இருக்கும். 3770ம் 4 கோர் 8 த்ரெட் தான், 12100ம் அதே 4 கோர் 8 த்ரெட் தான், ஆனா பத்து வருஷ இடைவெளில ஒரு கோர் செய்யற வேலையே மாறிடுச்சு, இந்த ஐ3 அந்த ஐ7ஐ சுலபமா தாண்டிடும், கரண்டும் கம்மியா எடுக்கும். கிகாஹெர்ட்ஸ வச்சு ஒப்பிடறது ஒரே ஜெனரேஷனுக்குள்ள தான் செல்லும்.

அத விட பெரிய பிரச்சனை விண்டோஸ். விண்டோஸ் 10க்கு சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேக்கறது இன்டெல்னா 8ஆம் ஜெனரேஷன்ல இருந்து, ரைசன்னா 2000 சீரிஸ்ல இருந்து, கூட டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான வசதி). பழசுல சுத்தி வளைச்சு விண்டோஸ் 11 போட்டு தர்றேன்னு கடைல சொல்லுவாங்க, போடவும் முடியும், ஆனா அப்டேட் ஒழுங்கா வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரல. பேங்க் வேலை எல்லாம் பண்ற சிஸ்டத்துல இத நான் சிபாரிசு பண்ண மாட்டேன். வேலரன்ட் கூட விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ரெண்டும் இருந்தாதான் திறக்கும்.

இதே ரகத்துல இன்னொன்னு ஜியான் காம்போ. ஜியான் ஈ5 2650 வி4, 12 கோர் 24 த்ரெட், பழைய சர்வர்ல இருந்து கழட்டினது, எக்ஸ்99 போர்டோட சல்லிசா கிடைக்கும். 12 கோர்னு கேட்டதும் மயங்காதீங்க. ரெண்டு பேர் சாப்பிட உக்காந்த பந்தில பன்னெண்டு பேர் பரிமாற நின்ன மாதிரி தான், வீட்டு வேலைலயும் கேம்லயும் முக்கால்வாசி கோர் சும்மா நிக்கும், வேலை செய்யற கோரும் 2.9 கிகாஹெர்ட்ஸ தாண்டாது. உள்ள கிராபிக்ஸும் கிடையாது, அதனால ஒரு கார்டு தண்டம்.

செகண்ட் ஹேண்டே வேணாம்னு நான் சொல்லல. கம்பெனிகள் கழிச்சு விடற பிராண்டட் டெஸ்க்டாப், ஆப்டிப்ளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் மாதிரி, உள்ள ஐ5 8500 இருக்கறதா பாத்து எடுத்தா ரொம்ப கம்மி பட்ஜெட்டுக்கு அதுவே நல்ல வழி. 6 கோர், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். குறை என்னன்னா இந்த பிராண்டட் பெட்டில பலதுல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), போர்டு எல்லாம் அவங்க சொந்த அளவு, நாளைக்கு பெரிய கார்டு போடணும்னா இடமும் இருக்காது பவர் வயரும் இருக்காது. அது அப்படியே ஓடட்டும்னு நினைக்கறவங்களுக்கு மட்டும்.

2 கோர் செலரான், பென்டியம் பத்தி ஒரே வரி, பில் போடற கவுண்டருக்கு ஓகே, வீட்டுக்கு வேணாம்.

போர்டு எடுக்கும்போது ஐ3க்கு ஹெச்610 தாராளம், ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கும், போதும். ஆனா அதே போர்டுல பின்னால ஐ7 போட்டுக்கலாம்னு கனவு காணாதீங்க, சாக்கெட்ல உக்காரும், ஆனா விலை கம்மி ஹெச்610ல பவர் குடுக்கற பகுதி அவ்ளோ லோட் தாங்கற மாதிரி இருக்காது. ஏஎம்டி பக்கம், மேல சொன்ன நாலு லேன் கார்டு போடலைனா, ஏ520 இல்ல பி450 போதும். பழைய ஸ்டாக் பி450 வாங்கி 5600ஜி போட்டா பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் இல்லாம ஆன் ஆகாம போகலாம், அதே மாதிரி பழைய ஸ்டாக் ஹெச்610ல 14100 போட்டாலும் இந்த தலைவலி வரலாம். கடைலயே அப்டேட் பண்ணி ஆன் பண்ணி காட்ட சொல்லுங்க, வீட்டுக்கு வந்தப்புறம் அத அப்டேட் பண்ணணும்னா இன்னொரு பழைய ப்ராசஸர் தேடி அலைய வேண்டி வரலாம்.

கடைக்கு போறப்ப, அது ரிட்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் சரி உங்க ஊர் கடையா இருந்தாலும் சரி, லிஸ்ட்ட பேப்பர்ல முழு மாடல் நம்பரோட எழுதிட்டு போங்க, அதே லிஸ்ட்ட மூணு கடைல காட்டி விலை கேளுங்க. "அது ஸ்டாக் இல்ல, இது அத விட நல்லாருக்கும்"னு ஒன்ன எடுத்து வச்சா உடனே தலையாட்டாம போன்ல அந்த நம்பர தேடி எந்த வருஷம், எத்தன கோர், கிராபிக்ஸ் உண்டான்னு பாருங்க. பாக்ஸ் பீஸா ட்ரே பீஸானு கண்டிப்பா கேளுங்க. ட்ரேனா டப்பா இல்லாம வெறும் ப்ராசஸர், கூலர் வராது, வாரன்டியும் கம்பெனி நேரா தராது, வித்தவர்தான் பொறுப்பு. பாக்ஸ் பீஸுக்கு இன்டெல், ஏஎம்டி ரெண்டுமே 3 வருஷம் தருது. ட்ரே விலை நல்லா கம்மியா இருந்தா, தெரிஞ்ச கடையா இருந்தா, பில்லுல வாரன்டி காலம் எழுதி தந்தா வாங்கலாம், தப்பில்ல. ப்ராசஸர் சட்டுனு கெட்டுப் போற சாமான் இல்ல.

பில் ஜிஎஸ்டியோட வாங்குங்க, சீரியல் நம்பர் அதுல இருக்கட்டும். டப்பாவ பிரிக்கும்போது பின்கள (சின்ன சின்ன ஊசி மாதிரி கம்பிகள) பாருங்க, ஏஎம்4ல பின் ப்ராசஸர் அடில இருக்கும், எல்ஜிஏ1700ல போர்டு சாக்கெட்டுல இருக்கும், ஒன்னு வளைஞ்சிருந்தாலும் அங்கயே திருப்பி குடுத்துடுங்க. வீட்டுக்கு கொண்டு வந்துட்டு போய் சொன்னா நீங்கதான் வளைச்சீங்கன்னு சொல்லுவாங்க, நம்மால நிரூபிக்க முடியாது.

சூட்டுக்கு பயந்து தனி கூலர் வாங்க வேணாம், இங்க சொன்ன ப்ராசஸருக்கெல்லாம் பாக்ஸ்ல வர்ற கூலரே மே மாச வெயில்லயும் சமாளிக்கும், கேபினெட்ட சுவத்தோட ஒட்டி வைக்காம, தூசிய அப்பப்ப தட்டி வச்சா போதும். கரண்ட் அடிக்கடி போற ஊருன்னா, கார்டு இல்லாத இந்த சிஸ்டத்துக்கு சாதா 600 விஏ யுபிஎஸ் போதும், சேவ் பண்ணி ஆஃப் பண்ண நேரம் கிடைக்கும். கார்டு போட்டா கணக்கு மாறும், கேபினெட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ்ல மட்டும் கார்ட ஓட்டாதீங்க.

எல்லாம் மாட்டி ஆன் ஆனதும் பயாஸுக்குள்ள போய் மூணு விஷயம் பாருங்க. எக்ஸ்எம்பி ஆன் பண்ணுங்க, இல்லைனா 3200னு காசு குடுத்து வாங்கின ரேம்ல பலது அதுக்கு கீழ ஓடிட்டிருக்கும், 5600ஜி ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம். விர்ச்சுவலைசேஷன் ஆன் பண்ணுங்க, ஏஎம்டி போர்டுல எஸ்விஎம்னு இருக்கும், போன் கேம எமுலேட்டர்ல ஆடறவங்க "லேக் ஆகுது"ன்னு புலம்பறதுல நிறைய இது ஆஃப்ல இருக்கறதால தான். டிபிஎம் இன்டெல்ல பிடிடின்னும் ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் இருக்கும், அதுவும் ஆன்ல இருக்கட்டும். அப்புறம் விண்டோஸ் ஏறினதும் டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்த திறந்தா ப்ராசஸரோட முழு பேர், எத்தன கோர், விர்ச்சுவலைசேஷன் ஆன்ல இருக்கா, ரேம் என்ன வேகத்துல ஓடுது, எத்தன ஸ்லாட்ல ஸ்டிக் இருக்குன்னு எல்லாமே தெரியும். பில்லையும் அந்த ஸ்கிரீனையும் பக்கத்துல வச்சு ஒவ்வொன்னா டிக் அடிங்க, ஒரு எழுத்து மாறி இருந்தாலும் மறுநாளே பில்லோட கடைல போய் நில்லுங்க.